கிட்ட வராதீங்க

பயந்தாங்கொள்ளி என்று என்னை யாரும் நேரில் சொன்னதில்லை. சீருடை போட்டவனிடம் அப்படிச் சொல்ல யாருக்கும் வாய் வராது. ரோந்துக் கப்பல்களில் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றே என் உத்தியோகக் காலம் முழுவதும் போனது. அதில் முக்கால்வாசி நாள் பயந்துகொண்டுதான் நின்றேன். இப்போது தைரியமாகச் சொல்லலாம். ஓய்வு பெற்றவனைக் கப்பலை விட்டு இறக்கிவிட முடியாது.

இதை எழுத வைத்தது பிரபு. திருமலைராயன்பட்டினத்துக்காரன். நான் நின்ற இடத்தில் எனக்குப் பிறகு வந்து நின்றவன், இப்போது அவனே சீனியர். போன வாரம் போன் செய்தான்.

"அண்ணே, புதுக் கப்பல் வந்துடுச்சுண்ணே. இனிமே துப்பாக்கிகிட்ட யாரும் நிக்க வேணாம். உள்ள ஏசி ரூம்ல உக்காந்து திரையப் பாத்துக்கிட்டே அடிக்கலாம். வெயில் இல்ல, உப்புத் தண்ணி இல்ல. நீங்கதான் பாவம், காஞ்சு கருவாடா போனீங்க."

"நல்லா இருங்கடா" என்றேன்.

"அது கிடக்கட்டும். பசங்களுக்கு நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். எப்ப சுடலாம், எப்ப சுடக்கூடாதுன்னு. சட்டத்த ஆபீசருங்க எடுப்பாங்க. நீங்க நடந்ததச் சொல்லுங்க."

எனக்கு மைக்கைப் பிடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஏன் என்று படித்துக்கொண்டு போனால் உங்களுக்கே தெரியும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் டிவியைப் போட்டால் ஏதாவது ஒரு நாடு இன்னொரு நாட்டை அடித்துக்கொண்டிருக்கிறது. அடிக்கிற எல்லோருமே 'தற்காப்பு' என்கிறார்கள். காரைக்கால் பக்கம் கோவில்பத்தில் எங்கள் பஸ் நிறுத்தத்து டீக்கடையிலும் அதே பேச்சு. "அவன் அடிக்கிறதுக்கு முன்னாடி நாம அடிச்சிடணும்" என்று ஒருவர் சொல்கிறார், சொல்லிவிட்டு வடையைக் கடிக்கிறார். என் டீ சட்டையில் சிந்துகிறது. வயதாகிவிட்டது என்று பக்கத்தில் இருப்பவர் துடைத்துவிடுகிறார்.

என் அப்பாவுக்கு நெல் வயல். கடல் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். ஆனாலும் பத்தாவது முடிக்கிற வரைக்கும் திருவிழாவுக்கும் கருமாதிக்கும் மட்டுமே நான் கடற்கரைப் பக்கம் போனவன். வயல்காட்டுக்காரனும் கடல்காரனும் ஒரே பஸ்ஸில் போவோம், ஒரே ஆஸ்பத்திரியில் படுப்போம், ஆனால் அவரவர் பேச்சு அவரவருக்கு. இந்த விஷயம் பின்னால் உயிர்ப் பிரச்சினையாக வந்து நிற்கும் என்று அப்போது யார் கண்டது? கடல் படையில் ஆள் எடுத்தபோது, மாமா ஒருவர் சொன்னார் என்று போய் நின்றேன். எடுத்துக்கொண்டார்கள். எந்தப் படை, எந்தக் கப்பல் என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஓடினோம், வாந்தி எடுத்தோம், துப்பாக்கியைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டினோம். இந்தி பேசக் கற்றுக்கொண்டோம். கனரக இயந்திரத் துப்பாக்கியை முதல் முறை அழுத்தியபோது, நான் பிடித்திருக்கிறேனா அது என்னைப் பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை. அரைக் கிலோமீட்டரில் மிதந்த பீப்பாய் தூளாகிப் போனது. எல்லோரும் கைதட்டினார்கள். பீப்பாயில் ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்று ராத்திரி தோன்றியது. அதற்குப் பிறகு அந்த எண்ணம் என்னை விட்டுப் போகவே இல்லை.

என் உத்தியோகத்தில் நான் மறக்க முடியாத மேலதிகாரி ஒருவர்தான். நேகி சார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கப்பலின் தலைவர். மலைநாட்டுக்காரர், வாலிபம் வரைக்கும் கடலைப் படத்தில்தான் பார்த்திருக்கிறார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் வந்தால் துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைப்பார்.

காரைக்கால் கடற்பகுதியில் நாங்கள் ஒரு வருடத்துக்கு மேல் இருந்தோம். துறைமுகத்து வாசல் டீக்கடையில் அவர் மூன்று தமிழ் வார்த்தை கற்றுக்கொண்டார்: வாங்க, போங்க, சொல்லுங்க. டீ வேண்டுமென்றால் "டீ சொல்லுங்க" என்பார். கடைக்காரர் "டீ என்னங்க சார் சொல்லும்?" என்று சிரிப்பார். ஒரு நாள் நேகி சார் என்னைக் கேட்டார், எதற்கு எல்லா வார்த்தைக்கும் வாலில் ஒரு 'ங்க' என்று.

"மரியாதை சார்" என்றேன்.

"தெரியாத ஆளுக்குமா?"

"தெரியாத ஆளுக்குத்தான் சார் முக்கியமா."

"எதிரிக்கு?"

யோசித்துப் பார்த்துச் சொன்னேன்: "கோபம் வந்தா அதுதான் சார் முதல்ல போகும்." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அவர் எதையும் சும்மா கேட்கிற ஆள் இல்லை.

தினமும் காலையில், டீ முடிந்ததும், தளத்தில் எங்களை நிற்க வைத்து ஒரு சம்பவம் சொல்வார். இப்படி ஒரு படகு, இப்படி வருகிறது, சுடலாமா? நாங்கள் யாராவது "சந்தேகப்படுற மாதிரி வந்தான் சார்" என்று ஆரம்பிப்போம். உடனே கண்ணாடியைக் கழற்றுவார். "சந்தேகம் உன்னுடையது. அவன் என்ன செய்தான்?" என்பார். "முறைத்தான் சார்." "அவன் முகம் அப்படி இருக்கலாம். என்ன செய்தான்?" இப்படியே உரித்துக்கொண்டே போவார். கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஒன்றுமே இருக்காது. ஒரு படகு வந்தது, அவ்வளவுதான்.

"இது உன் துப்பாக்கி என்று நினைக்காதே" என்று என்னிடம் சொல்வார். "இந்தக் கப்பலின் மேல் கை வைத்தால் நாட்டின் மேல் கை வைத்த மாதிரி. அப்படியென்றால் நீ சுட்டாலும் நாடு சுட்ட மாதிரி. ஒரு நாட்டுக்கு எப்போது சுட உரிமை இருக்கிறதோ அப்போதுதான் உன் விரலுக்கும் வேலை."

அதைப் புரியவைக்க ஒரு பழைய கதை சொல்வார். இருநூறு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். இரண்டு நாடுகளுக்கு நடுவே ஓடும் ஆறு. இந்தக் கரையில் கலகம் செய்தவர்களுக்கு அந்தக் கரையிலிருந்து ஒரு நீராவிக் கப்பல் ஆளும் சாமானும் ஏற்றி வந்தது. இந்தக் கரைப் படை ஆற்றைக் கடந்து போய், கட்டிக் கிடந்த கப்பலைப் பிடித்து, தீ வைத்து, அருவியைப் பார்த்து ஓட விட்டுவிட்டது. கேட்டால் தற்காப்பு என்றார்கள். அதற்கு அந்தக் கரை அமைச்சர் எழுதிய பதில்தான் இன்றைக்கும் அளவுகோல் என்பார் நேகி சார். ஆபத்து அந்தக் கணமே கழுத்துக்கு வந்திருக்க வேண்டும். வேறு வழி இருந்திருக்கக் கூடாது. யோசிக்க நேரமே இருந்திருக்கக் கூடாது. செய்ததும் தேவைக்கு மேல் போயிருக்கக் கூடாது. இதைச் சொல்லி முடித்துவிட்டு எங்களைப் பார்ப்பார். "கட்டிக் கிடந்த கப்பல் என்ன செய்தது?"

பிறகு உலகப் போர் முடிந்து நாடுகள் எல்லாம் சேர்ந்து போட்ட சாசனத்துக்கு வருவார். ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் படைபலம் காட்டவே கூடாது. ஆயுதத் தாக்குதல் நடந்தால் மட்டும் தற்காத்துக்கொள்ளலாம், அதையும் உடனே உலக சபைக்குச் சொல்லியாக வேண்டும். "'நடந்தால்' என்று எழுதியிருக்கிறது. 'நடக்கும் என்று தோன்றினால்' என்று எழுதவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் உலகத்துச் சண்டை எல்லாம் நடக்கிறது."

ஒரு நாள் நான் கேட்டே விட்டேன். "அப்போ அடி வாங்கின பிறகுதான் சுடணுமா சார்? அடி வாங்கினால் சுட நாம் இருக்க மாட்டோமே."

வேறு ஆபீசராக இருந்தால் ஏதாவது பதில் சொல்லிச் சமாளித்திருப்பார். இவர் கண்ணாடியைத் துடைத்தார். "தெரியவில்லை. புத்தகம் எழுதியவர்களே அதில் ஒத்துப்போகவில்லை. அந்த நேரம் வந்தால் நான் உன் பக்கத்தில் நிற்பேன். அதை மட்டும்தான் என்னால் சொல்ல முடியும்."

அவர் சொன்னபடி நின்றவர்தான். ஒரு மத்தியானம் கடத்தல்காரர்கள் என்று தெரிந்த ஒரு வேகப்படகைத் துரத்தினோம். சாமானைக் கடலில் தள்ளிவிட்டு அவர்கள் ஓடுகிறார்கள். எங்கள் இன்ஜினுக்கு மூச்சு வாங்குகிறது. பக்கத்தில் நின்ற பையன்கள் "அடிங்க, அடிங்க" என்று குதிக்கிறார்கள். எனக்கும் கை துறுதுறுத்தது, பொய் சொல்லப் போவதில்லை. நேகி சார் என் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். "என்ன செய்கிறான்?" என்றார். "ஓடுகிறான் சார்." "முதுகைக் காட்டுகிறவனிடமிருந்து எதைத் தற்காக்கப் போகிறாய்?" என்றார். அவர்கள் தப்பித்துப் போனார்கள். எங்களுக்குப் பாராட்டு கிடைக்கவில்லை, கேலிதான் கிடைத்தது. ஆனாலும் அன்று சாப்பாடு நிம்மதியாக இறங்கியது.

இனிமேல் சொல்லப் போவது நடந்த அன்று சாப்பாடு இறங்கவே இல்லை.

மேலிடத்திலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. வெடிமருந்து ஏற்றிய ஒரு சின்னப் படகு, பார்ப்பதற்கு மீன்பிடி ஃபைபர் படகு மாதிரியே இருக்கும், நம் கப்பல் ஒன்றின் மேல் நேராக வந்து மோதப் பார்க்கலாம். நாளும் இடமும் தெரியாது. எங்கள் கரையோரத்தில் ஃபைபர் படகு எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். பட்டினச்சேரி, காரைக்கால்மேடு மாதிரி மீனவர் ஊர்களில் விடிந்தால் கடலே அதுதான். அத்தனையும் அன்றிலிருந்து எங்களுக்கு வெடிகுண்டாகத் தெரிந்தது. சமையல்காரர் தட்டு ஒன்றைக் கீழே போட்டார், நாலு பேர் தரையில் படுத்துவிட்டார்கள். எழுந்து சிரிக்கக்கூட யாருக்கும் தெம்பு இல்லை. நான் வீட்டுக்குப் போன் செய்து, மனைவியிடம் காரணமே இல்லாமல் பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அவளுக்கு அது தெரியாதா என்ன? அவளும் ஒன்றும் கேட்காமல் சரி என்றாள். அவளும் பயந்துபோயிருந்தாள்.

அந்தக் காலை நாங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். சூரியன் கொஞ்சம் ஏறி, நேராகக் கண்ணில் குத்துகிறது. தண்ணீர் முழுக்க தகதகவென்று ஒன்றும் தெரியவில்லை. அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து ஒரு ஃபைபர் படகு எங்களை நோக்கி வந்தது. மற்ற படகுகள் எங்களைக் கண்டால் ஒதுங்கும். இது ஒதுங்கவில்லை. மூக்கு எங்கள் மூக்கைப் பார்த்து, முழு வேகத்தில் வந்தது.

இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் சைரன். அடித்தோம், படகு நிற்கவில்லை. அடுத்தது ஒலிபெருக்கியில் எச்சரிக்கை. அந்த நேரத்தில் மேல்தளத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மைக்கின் வயரை இழுத்து என் கையில் கொடுத்தார்கள். ஒரு கையில் மைக், இன்னொரு கை துப்பாக்கியில். பேச வேண்டியவனும் நானே, பேச்சு பலிக்கவில்லை என்றால் சுட வேண்டியவனும் நானே. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பிரித்து எடுத்துக் கத்தினேன்.

"படக நிறுத்துங்க! கிட்ட வராதீங்க! கிட்ட வராதீங்க!"

படகு வந்துகொண்டே இருந்தது. நேகி சார் என் பக்கத்தில் வந்து நின்றார். "முன்னால் தண்ணீரில்" என்றார். படகுக்கு முன்னே கொஞ்சம் தள்ளி, தண்ணீரில் ஒரு சரம் சுட்டேன். வெள்ளையாக வரிசை கட்டித் தண்ணீர் எழும்பியது. யாராக இருந்தாலும் அதைப் பார்த்தால் திரும்புவார்கள். படகு திரும்பவில்லை. அதற்கு அடுத்த படி படகையே சுடுவதுதான்.

இப்போது ஆட்கள் தெரிந்தார்கள், கறுப்பாக, மூன்று பேர். ஒருவன் படகின் முன்பக்கம் எழுந்து நின்றான். கீழே குனிந்து நீளமான ஒரு குழாயைத் தூக்கினான். அதன் நுனியில் உருண்டையாக என்னவோ. அதைத் தோளுக்கு நேரே உயர்த்தினான். தோளில் வைத்துச் சுடுகிற ராக்கெட் அப்படித்தான் இருக்கும். படத்தில் எங்களுக்குக் காட்டியிருக்கிறார்கள். என் விரல் விசைக்குள்ளே போய்விட்டது. அதை நான் உள்ளே விட்டதாக எனக்கு நினைவில்லை.

காற்று அவர்கள் பக்கமிருந்து வந்தது. கத்துவது கேட்டது. இன்ஜின் சத்தத்தில் துண்டு துண்டாக.

"என்ன சொல்கிறான்?" என்றார் நேகி சார்.

எங்கள் ஊரில் குண்டு என்றால் மூன்றுதான்: குண்டு பல்பு, குண்டு மல்லி, வெடிகுண்டு. பல்பையும் மல்லியையும் பற்றி நடுக்கடலில் யாரும் கத்த மாட்டார்கள்.

"குண்டு என்கிறான் சார். பாம்."

பக்கத்தில் யாரோ இந்தியில் கடவுளைக் கூப்பிட்டார்கள். இந்த இடத்தில் எந்தத் தலைவனும் ஒரே ஒரு உத்தரவுதான் கொடுப்பான். கொடுத்திருந்தால் எந்தச் சட்டப் புத்தகமும் அவரைத் தப்பு சொல்லியிருக்காது. எச்சரிக்கை இருக்கிறது, நேராக வருகிறார்கள், சுட்டும் நிற்கவில்லை, கையில் ஆயுதம் மாதிரி ஒன்று, வாயில் குண்டு. எங்கள் கப்பலில் இருந்த அத்தனை பேருடைய உயிரும் அந்த நொடியில் அவருடைய நாக்கில் இருந்தது. எனக்குச் சுட வேண்டும் போல இருந்தது. உண்மை அதுதான். பயம் அப்படித்தான் கேட்கும்.

"விரல் வெளியே" என்றார் என்னிடம். பிறகு, "வேறு என்ன சொன்னான்? தமிழிலேயே சொல்."

"கிட்ட வராதீங்க, அப்படின்னு சார்."

"அது நீ சொன்னது."

"அவனும் அதையேதான் சார் சொல்றான்."

"'ங்க' இருந்ததா?"

அந்த நேரத்தில் இந்தக் கேள்வியா என்று எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் காதில் இருந்தது. மறுபடியும் கேட்டது. நாலு தலைமுறையாக எங்கள் பக்கத்தில் கேட்கிற அதே இழுப்போடு: வராதீங்க, வராதீங்க.

"இருந்தது சார்."

"நம்மைக் கொல்ல வருகிறவன் 'கிட்ட வராதீங்க' என்பானா?" என்று நேகி சார் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பிறகு எங்கள் கப்பலின் மூக்கை எட்டிப் பார்த்தார், அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். "அப்படியானால் கிட்டப் போவது யார்?" என்றார்.

உள்ளே திரும்பி இன்ஜினைப் பின்னோக்கி முழு வேகத்தில் போடச் சொன்னார். கப்பல் முழுவதும் உதறியது. என்னிடம், "குறி மாற்றாதே. நான் சொல்லும் வரை விரல் வெளியே" என்றார். அவருடைய கை என் தோளில் இருந்தது.

கப்பல் உடனே நின்றுவிடாது. அது நிற்கும் வரைக்குமான நேரத்தை நான் இன்றைக்கும் கனவில் பார்க்கிறேன். படகு இன்னும் வருகிறது. குழாய் தூக்கியவன் இன்னும் நிற்கிறான். சட்டத்தைப் பற்றி, நாட்டைப் பற்றி எல்லாம் ஒன்றும் தோன்றவில்லை. பீரோ சாவி மட்டும் ஞாபகம் வந்தது.

கப்பல் நின்றது. அந்தக் கணமே படகும் திரும்பி, பக்கவாட்டில் சாய்ந்து நின்றது. எழுந்து நின்றவன் குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தண்ணீரைக் கை காட்டினான். எங்கள் மூக்குக்கும் அவர்கள் படகுக்கும் நடுவில், எங்கள் மூக்குக்கு ரொம்பப் பக்கத்தில், ஒரு தலை மேலே வந்தது. முடி முகத்தில் ஒட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு மனிதத் தலை.

துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

படகு எங்கள் ஓரத்துக்கு வந்தது. எழுந்து நின்ற ஆள் பெரியவர், பட்டினச்சேரி பக்கிரிசாமி. தண்ணீரில் இருந்தது அவருடைய தம்பி. பக்கிரிசாமிக்குப் பேச்சு வருவதற்குள் அழுகை வந்துவிட்டது, அழுகை வருவதற்குள் கோபம் வந்துவிட்டது.

"ஏங்க, ஆளு தண்ணிக்குள்ள இருக்கான், இருக்கான்னு தொண்ட கிழியக் கத்துறோம், நீங்க பாட்டுக்கு மேலயே வர்றீங்க, சுட வேற சுடுறீங்க! கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"குண்டுன்னுல கத்துனீங்க!" என்றேன் நான். எனக்கும் அழுகைதான் வந்தது.

"ஆமா, குண்டுதான்! குண்டு பாருல சிக்கிக்கிச்சு. எடுக்க உள்ள எறங்கியிருக்கான்."

"எந்தக் குண்டு?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். படகில் கிடந்த வலையின் அடிக்கயிற்றைத் தூக்கிக் காட்டினார். ஈயத்தில் உருட்டிய குண்டுகள், வலை தண்ணீருக்குள் தாழ்ந்து நிற்பதற்காக வரிசையாகக் கோத்தவை. அடியில் இருக்கும் பாறையில், அவர்கள் பேச்சில் பாரில், அது சிக்கிக்கொண்டது. கப்பல் ஏதாவது வலைக்கு நேராக வந்தால் படகை எடுத்துக்கொண்டு அதற்கு எதிரே ஓடித் திருப்பிவிடுவது அவர்கள் வழக்கம். திருப்பாவிட்டால் வலை போகும். அன்று வலையோடு, எங்கள் பக்கத்து நுனியில் இறங்கியிருந்த தம்பியும்; படகு மறு நுனியில் இருந்தது. தூக்கிய குழாய், வலை கிடக்கிற இடத்துக்கு அடையாளமாக நடுகிற மூங்கில் கொடிக்கம்பு. நுனியில் இருந்த உருண்டை, ஈரத்தில் சுருண்டுபோன கறுப்புத் துணி. விரிந்து ஆடினால் கொடி, சுருண்டதால் ராக்கெட்.

"நீங்க எந்த ஊரு?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

"கோவில்பத்து."

"கோவில்பத்துல இருந்துக்கிட்டு உங்களுக்குக் குண்டு தெரியாதா?"

தம்பியை ஏற்றிக்கொண்டு அவர்கள் போகும்போது, பக்கிரிசாமி நேகி சாரை நிமிர்ந்து பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கோபம் தீரவில்லை, ஆனாலும் போட்டார். நேகி சார் தனக்குத் தெரிந்த மூன்று வார்த்தையில் ஒன்றைத் தேடி எடுத்து, "போங்க" என்றார்.

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். "எனக்குப் பயமாக இருந்தது" என்றார் என்னிடம். "இப்போதும் இருக்கிறது. இன்று நான் நினைத்தது சரியாகப் போனது. இதே மாதிரி இன்னொரு நாள், இதே முடிவை எடுத்து, நம் எல்லோரையும் நான் கொன்றிருக்கலாம். தைரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதே."

மேலே கூப்பிட்டு விசாரித்தார்கள். எச்சரிக்கை இருந்தும் ஏன் சுடவில்லை, வெடிமருந்து இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டார்களாம். "இருந்திருந்தால் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய சிரமம் எனக்கு இருந்திருக்காது" என்றாராம். கொஞ்ச நாளில் அவரைக் கரையில் ஒரு நாற்காலி வேலைக்கு மாற்றினார்கள். தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. கப்பலை விட்டு இறங்கிய அன்று டீக்கடைக்காரரிடம் போய், "டீ சொல்லுங்க" என்று கேட்டு, நின்று குடித்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வேலையில் இருந்த வரைக்கும் நான் ஒரு ஆளை நோக்கிச் சுட நேரவில்லை. அதிர்ஷ்டம்தான். எச்சரிக்கையில் சொன்ன படகு கடைசி வரைக்கும் வரவே இல்லை. ஆனால் அது வராது என்று அன்று எங்களுக்குத் தெரியாது. இந்த இடத்தைத்தான் டீக்கடையில் என்னால் விளக்க முடிவதில்லை. முந்திக்கொண்டு அடித்திருந்தால், அந்தப் படகில் வெடிமருந்து இருந்ததா இல்லையா என்று சொல்ல ஒரு பலகைகூட மிஞ்சியிருக்காது. தாக்குதலைத் தடுத்தோம் என்றுதான் அறிக்கை போயிருக்கும். நானும் நம்பியிருப்பேன். மெடல்கூடக் குத்தியிருப்பார்கள். பட்டினச்சேரியில் அழுகிறவர்களைப் பார்த்து, இவர்கள் ஏன் குண்டு ஏற்றிக்கொண்டு வந்தார்கள் என்று நானே கேட்டிருப்பேன்.

இவ்வளவையும் எழுதி முடித்துவிட்டு, நேற்றுக் காலை பிரபுவுக்குப் போன் செய்தேன்.

"எழுதிட்டேன்டா. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தத் திரையில எல்லாம் நல்லாத் தெரியுமா?"

"என்னண்ணே இப்படிக் கேக்குறீங்க! வெயில் கூசாது. ராத்திரி பகல் வித்தியாசம் கிடையாது. அந்தத் தொலைவுல ஒரு ஆளு சட்டையில பட்டன் இருக்கான்னு பாக்கலாம். நீங்க அன்னைக்குப் பாத்த கம்பு, இதுல கம்புன்னு தெரிஞ்சிருக்கும்."

"நல்லது" என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கேட்டேன்: "அவங்க கத்துனா கேக்குமா?"

"என்னது?"

"படகுல இருக்குறவங்க கத்துனா உனக்கு உள்ள கேக்குமாடா?"

பின்னால் ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் போனில் வந்தது.

"இல்லண்ணே" என்றான். "கதவ மூடிட்டா ஒண்ணும் கேக்காது."